42 மீட்டர் அழுக்கு

ஸ்டுட்கார்ட்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.
(மணி ஐந்துதான். வெளியே நடுச்சாமம் மாதிரி இருட்டு.)

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், இவள், பொடியன் மூவரும் நலம், என் முழங்கால் இரண்டும் தவிர. அங்கே நீ, அத்தான், பிள்ளைகள், அம்மா எல்லாரும் சௌக்கியம்தானே?

புதன்கிழமை நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். புது வீட்டுச் சமையலறைக்கு எடுத்திருக்கும் டைல்ஸ் அருமை. கீழே எழுதியிருந்தாயே ஒரு வரி, அதுதான் வயிற்றைக் கலக்கியது: “ஜாயிண்ட்டுக்கு வெள்ளை போடச் சொல்லியாச்சு, பளிச்சுன்னு இருக்கும்ல.” கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் போன இரண்டு வாரம் நான் பட்ட பாட்டை மறைத்து உன்னிடம் ‘சூப்பர்’ என்று சொன்னால், உன்னோடு கூடப்பிறந்ததற்கு அர்த்தமே இல்லை. கொத்தனார் வெள்ளைப் பொடியைக் குழைப்பதற்குள் இதை முழுக்கப் படித்துவிடு.

ஆறு வருஷம் இருந்த வீட்டைக் காலி செய்தோம். பொடியனுக்கு ஓடியாட இடம் போதவில்லை. இந்த ஊரில் வீட்டைக் காலி செய்வது பெண் பார்க்கும் சடங்கு மாதிரி. வீட்டுக்காரர் வருவார். கையில் ஒப்படைப்புப் பத்திரம் இருக்கும். கதவு, சன்னல், குழாய், சுவர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எழுதுவார். குறை இருந்தால் முன்பணத்தில் பிடிப்பார். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம். எங்களிடம் சரியாக மூன்று மாத வாடகை வாங்கியிருந்தார். அந்தப் பணத்துக்கு நம் ஊரில் கன்றோடு இரண்டு கறவை மாடு வாங்கிக் கட்டலாம்.

முன்னேற்பாடாக ஒரு சனிக்கிழமை ஃபிரிட்ஜை நகர்த்தினேன். அடியில் ஒரு கரண்டி, பொடியனின் கார் சக்கரம், ஒரு சாண் உயரத் தூசி. துடைத்ததும் திடுக்கிட்டுப் போனேன். அந்த இடத்தில் டைல்களுக்கு நடுவே ஓடிய கோடு வெளிர்சாம்பலாக, ஏறக்குறைய வெள்ளையாக இருந்தது. நிமிர்ந்து மற்ற இடங்களைப் பார்த்தேன். அடுப்புப் பக்கம் கறுப்பு. பாத்திரம் கழுவும் இடத்தில் காப்பிக்கொட்டை நிறம். தாளிப்புத் தெறிக்கும் எல்லைக்குள் மஞ்சள். ஆறு வருஷமாக இதை யாரோ யோசித்துப் போட்ட டிசைன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வந்த விருந்தாளிகளிடம் “பழைய ஐரோப்பிய பாணி” என்று விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன்.

“இதென்ன மலையா? ரெண்டு வாளித் தண்ணியை ஊத்தி, தென்னந்துடைப்பத்தால தேய்ச்சுத் தள்ளிவிடு” என்பாய். எங்கே தள்ளுவது? இங்கே சமையலறைத் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. பல வீடுகளில் குளியலறைத் தரையிலும் கிடையாது. வந்த முதல் மாதம் இது தெரியாமல், வெள்ளிக்கிழமையாயிற்றே என்று வீட்டைக் கழுவிவிட்டேன். மறுநாள் காலை கீழ்வீட்டுப் பாட்டி வந்து என்னைக் கையோடு அழைத்துப் போய்த் தன் வீட்டுக் கூரையைக் காட்டினார். இலங்கை வரைபடம் மாதிரி ஈரக்கறை, யாழ்ப்பாணம் வரை தெளிவாக இருந்தது. நல்லவேளை, இங்கே பலரும் எடுத்துக்கொள்கிற பொறுப்புக் காப்பீட்டை நானும் எடுத்திருந்தேன்.

இந்தப் பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்பதைத் தாண்டியவர். எங்கள் கட்டடத்தில் ‘கேர்வோகெ’ என்று ஒரு வழக்கம். பெருக்கும் வாரம் என்று அர்த்தம். வாரத்துக்கு ஒரு வீட்டுக்காரர் மாடிப்படியைப் பெருக்கித் துடைக்க வேண்டும். யாருடைய முறையோ அவர் கதவில் ஒரு பலகை வந்து தொங்கும். இதில் சின்னது, பெரியது என்று இரண்டு வகை. பெரியது என்றால் நிலவறை, வாசல் நடைபாதை எல்லாம் சேர்த்து. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டை ஆண்ட எபர்ஹார்ட் என்ற தாடிக்காரக் கோமகன் காலத்திலிருந்து வருகிறதாம். அவர் 1477-ல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தையும் தொடங்கியவர். பல்கலைக்கழகத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் படி துடைத்த பிறகு பாட்டி ஒரு விரலால் கைப்பிடியைத் தடவிப் பார்ப்பார். மருமகள் கையால் காப்பி வாங்கிக் குடிக்கும் மாமியார்கூட அப்படிப் பார்க்க மாட்டார்.

சரி, சமையலறைக்கு வருவோம். தரையை அளந்தேன். 3 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். 30 சென்டிமீட்டர் டைல், மொத்தம் 80. குறுக்கும் நெடுக்கும் ஓடும் இடுக்குகளைக் கூட்டினால் 42.6 மீட்டர் வருகிறது. பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. துணுக்குற்றுப்போய், எப்படியாவது மனத்தைத் தேற்றிக்கொள்ள, பரப்பளவையும் போட்டேன். இடுக்கின் அகலம் 4 மில்லிமீட்டர். அத்தனையும் சேர்த்துப் பரப்பி வைத்தால் இரண்டு டைல்கூட முழுசாக வராது. 80 டைலைத் துடைக்கப் பத்து நிமிஷம். டைல் இல்லாத அந்த இரண்டு டைல் அளவுக்கு இரண்டு வாரம்.

ஏன் இப்படிக் கறுக்கிறது என்று அத்தானிடம் போனில் கேட்டேன். “சிமெண்ட்டும் மணலும்தானடா அது. தண்ணி காயும்போது கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விட்டுட்டுத்தான் காயும். டைல் குடிக்காது, ஜாயிண்ட் குடிக்கும்” என்றார். குடிப்பது மட்டுமில்லை. டைலைவிட அது ஒரு நூல் பள்ளமாக இருக்கிறதா, மாப் போடும்போது அழுக்குத் தண்ணீர் எல்லாம் அங்கேதான் இறங்குகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், அழுக்கு தங்கிவிடும். ஒரே வாளித் தண்ணீரில் வீடு முழுக்க மாப் போட்டோமானால் கூடத்து அழுக்கைச் சமையலறை இடுக்கில் கொண்டுபோய்ச் சேமிக்கிறோம் என்று அர்த்தம். நுரைக்கட்டுமே என்று சோப்பை இரண்டு மூடி அதிகமாக ஊற்றினால் இன்னும் மோசம். அலசாத சோப்பு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு அடுத்த நாள் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறு வருஷமாக வாரம் தவறாமல் நான்தான் மாப் போட்டேன். இவள் அதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

அப்பத்தா வீட்டில் இந்தத் தொல்லை உண்டா, நினைத்துப் பார். பட்டாலை முழுக்க ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணம் ஊற்றி வார்த்தெடுத்த கல். ஒட்ட ஒட்டப் பதித்திருப்பார்கள், நடுவில் நகம்கூட இறங்காது. நடக்க நடக்க மெருகு. நாள் கிழமையென்றால் தேங்காய் எண்ணெய்த் துணியால் ஒரு தேய்ப்பு. இடுக்கைக் கண்டுபிடித்தவனை அப்பத்தா வீட்டில் ஒரு வாரம் கட்டிப் போட்டு வைக்க வேண்டும்.

ஜெர்மன் மொழியில் இந்த இடுக்குக்கு ‘ஃபூகெ’ என்று பேர். ஆபீசில் தேவாலயச் சேர்ந்திசைக் குழுவில் பாடுகிற ஒரு நண்பரிடம், “உங்களுக்கு ஃபூகெ பற்றித் தெரியுமா? எனக்கு ரொம்பத் தொல்லையாக இருக்கிறது” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “எல்லாருக்கும் தொல்லைதான். பொறுமை வேண்டும். பாஹ் பண்ணியதைக் கவனியுங்கள்” என்று அரைமணி நேரம் பேசினார். எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டேன். அப்புறம்தான் புரிந்தது: ஒரு குரலை இன்னொரு குரல் துரத்திக்கொண்டு வரும் சங்கீத வடிவத்துக்கும் இங்கே ஃபூகெ என்றுதான் பேராம். அந்த வகையில் பாஹ் என்ற இசையமைப்பாளர் ஒரு பெரிய தொகுப்பே எழுதி, கடைசி ஃபூகெவை முடிக்காமலே 1750-ல் இறந்துபோனார். அழுக்குக்கு மருந்து கேட்கப் போய்க் கச்சேரி டிக்கெட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

முதல் முயற்சி, வினிகரும் ஆப்பசோடாவும். வீடியோ போடுகிற எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். இங்கே 25 சதவீதப் புளிப்பில் ஒரு வினிகர் விற்கிறது. தண்ணீர் கலக்காமல் தொட்டால் கை எரியும். நான் கலக்கவில்லை. இடுக்கில் சோடாவைத் தூவி அதை ஊற்றினதும் ‘புஸ்’ஸென்று பொங்கியது. பொடியன் கைதட்டினான், நான் பொங்கலோ பொங்கல் என்றேன். நுரை அடங்கியபின் பார்த்தால் இடுக்கு போட்டது போட்டபடி இருந்தது, வீடு மட்டும் ஊறுகாய் ஜாடியாக நாறியது. யோசித்தால் எட்டாம் வகுப்பு வேதியியல்தான். புளிப்பும் காரமும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு, பாதி காற்றாகப் போய்விடும், மீதி உப்புத் தண்ணீர். பொங்கின சத்தம்தான் மிச்சம். ஒரு மூலையில் சோடா விழாமல் வினிகர் மட்டும் நின்றிருந்தது. அங்கே விரலால் தேய்த்தேன், மணல் மணலாகக் கையோடு வந்தது. புளிப்பு சிமெண்ட்டைத் தின்னும். உங்கள் பூஜையறையில் மார்பிள் போடுவதாகச் சொன்னாயே, அதன் பக்கம் எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதையும் கொண்டுபோகாதே.

இரண்டாவதை நான் செய்யவே இல்லை, செய்யவிடவில்லை. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் பாட்டில் ஒரு கையில், குளோரின் பிளீச் ஒரு கையில். இரண்டையும் கலந்தால் சக்தி இரட்டிப்பாகும் என்ற எண்ணத்தோடு படியேறிக்கொண்டிருந்தேன். அது பாட்டியின் கேர்வோகெ. துடைப்பத்தோடு நின்றவர் இரண்டு பாட்டிலையும் பார்த்தார். “நைன்!” என்று ஒரு சத்தம் போட்டார் பார், மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. அப்புறம் வட்டார வழக்கில் ஏதோ சொல்லி, தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமி, கண்ணை மேலே செருகிக் காட்டினார். பிளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் படை எதிரிகள்மேல் திறந்துவிட்டது அந்த வாயுவைத்தான். அக்கா, இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அம்மா பாத்ரூமில் ஆசிட் ஊற்றின கையோடு பிளீச்சிங் பவுடரும் தூவுவாள். நாளைக்கே நிறுத்தச் சொல். நான் சொன்னால் கேட்க மாட்டாள், பாட்டி சொன்னதாகச் சொல்.

மூன்றாவது, சலவை சோடா. எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரம்தான் முறிவு என்று படித்தேன், அது நிஜமும்கூட. பசை போலக் குழைத்து அடுப்பு முன்னால் இருந்த மஞ்சள் கோடுகளில் தடவினேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. கோடெல்லாம் செக்கச்செவேல் என்று சிவந்தது. தரையில் ரத்த வலை விரித்த மாதிரி. மூன்று மாத வாடகை கண்முன்னால் சிவப்பாக ஓடியது. “ஏய், சீக்கிரம் வா” என்று கத்தினேன். இவள் வந்து பார்த்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “ஆரத்தி கரைச்சிருக்கீங்க” என்றாள்.

உண்மையிலேயே ஆரத்திதான். மஞ்சளில் சுண்ணாம்பைப் போட்டால் ஏன் சிவக்கிறது? காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆறு வருஷ சாம்பாரும் ரசமும் அந்த இடுக்குக்குள் இறங்கியிருக்கின்றன. சோடா பட்டதும் அத்தனை மஞ்சளும் ஒரே நேரத்தில் ‘உள்ளேன் ஐயா’ என்றது. இவள் பொடியனைத் தூக்கி அந்தச் சிவப்பைத் தொட்டு நெற்றியில் வைக்கப் போனாள். சோடா, வேண்டாம் என்று தடுத்தேன்.

மஞ்சள் கறையை வெயிலில் போட்டால் தானே வெளிறும் என்று நீ சேலை காயப்போடும்போது சொல்வாயே. சரிதான், சன்னலோரத்து இடுக்குகளில் மஞ்சள் அவ்வளவு இல்லை. ஆனால் ஸ்டுட்கார்ட்டில் நவம்பரில் வெயிலுக்கு எங்கே போவது?

கடைசியில் வழி காட்டியது பாட்டிதான். மாலையில் ஒரு தயிர் டப்பாவில் வெள்ளைப் பொடியோடு வந்தார். ஆக்சிஜன் பிளீச். சோடியம் பெர்கார்பனேட் என்பது அதன் பேர், துணி துவைக்கும் பொடி வரிசையில் மலிவாகவே கிடைக்கிறது. வெந்நீர் பட்டால் அது சலவை சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். ஒன்று பிசுக்கைப் பார்த்துக்கொள்ளும், மற்றது நிறத்தை. ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு பெரிய ஸ்பூன். கையுறை கட்டாயம். கரைத்ததை மூடி போட்டு வைக்கக் கூடாது, வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். அவ்வப்போது புதிதாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். இத்தனையையும் பாட்டி பாதி சைகையில் சொன்னார்.

இடுக்கு நிறைய ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எனக்கு வராத வித்தை அது. சிவப்பு மறுபடி தலைகாட்டியது. சின்னச் சின்னக் குமிழ் வந்தது. பத்து நிமிஷத்தில் சிவப்பு ரோஜாவாகி, ரோஜா வைக்கோலாகி வெளிறியது. இருபதாவது நிமிஷம், முனை குறுகிய விறைப்பான நைலான் பிரஷ்ஷால் இழுத்தேன். (பல் பிரஷ் முதல் மீட்டரிலேயே பூவாக விரிந்துவிட்டது. கம்பி பிரஷ் வேண்டாம், டைலைக் கீறும், துரு விடும்.) பிரஷ் முன்னால் போக, பின்னால் அடைமழைக்குச் சாக்கடை திறந்த மாதிரி ஒரு கறுப்புத் தண்ணீர் கிளம்பியது. அதைக் காயவிடாமல் பழைய துணியால் ஒற்றி எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை துடைத்தேன். நடுவில் ஒரு கோடு, முழ நீளம், ஃபிரிட்ஜுக்கு அடியில் பார்த்த அதே வெளிர்சாம்பலில் எழுந்து வந்தது. இவளைக் கூப்பிட்டேன், பொடியனைக் கூப்பிட்டேன், உனக்கு வீடியோ எடுக்கக்கூட நினைத்தேன். இன்னும் 42 மீட்டர் பாக்கி என்று இவள் ஞாபகப்படுத்தினாள்.

ஒரு நாளைக்கு நாலு மீட்டர் வீதம், ஆபீஸ் விட்டு வந்து, கால்மிதியை மடித்து முழங்காலுக்கு வைத்துக்கொண்டு தேய்த்தேன். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துளையிடும் மெஷினில் பிரஷ் மாட்டி ஓட்டினால் சீக்கிரம் முடியுமே என்று சுவிட்சைப் போட்டேன். பாட்டி கீழிருந்து துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். இந்த ஊரில் ஞாயிறு மௌன விரதம். வழி காட்டியவரே இடிக்கும்போது என்ன செய்வது?

அடுப்புக்கு நேர் கீழே இருந்த ஒரு முழம் மட்டும் எதற்கும் மசியவில்லை. எண்ணெய் கருகிக் கருகி இறுகிவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசாக அடைப்பதுதான் வழி என்றார் அத்தான். சுரண்டப் போய் டைலின் ஓரம் உடைந்தால் அதற்கு வேறு தண்டம். பாஹ்ஹே கடைசியை முடிக்கவில்லை என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். ஆறு வருஷத்துக்கு முந்தின பத்திரத்தையும் கொண்டுவந்திருந்தார். சமையலறையில் குனிந்து பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். எனக்கு நாக்கு வறண்டது. “இதை என்ன செய்தீர்கள்?” என்றார். அடுப்படியில் இருக்கும் அந்த ஒரு முழத்தைத்தான் கேட்கிறார் என்று மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். ‘சமையலறைத் தரை: ஃபூகெ அனைத்தும் நிறம் மாறியவை.’ அதாவது, நாங்கள் குடிவரும்போதே. எங்களுக்கு முன்னால் இருந்தவரின் காப்பியும் சிகரெட்டும் செய்த வேலை அது. கீழே என் கையெழுத்து, தமிழில், சுழித்து. வந்த புதிதில் ‘குட்டன் டாக்’ தவிர ஒரு சொல் தெரியாது. காட்டின இடத்தில் போட்டேன்.

புதுப் பத்திரத்தில் ‘சுத்தம்’ என்று எழுதிக் கைகொடுத்தார். முன்பணம் கணக்குப் பார்த்து வரச் சில மாதமாகும். இவள் படி இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவுக்கு வந்ததும் தொடங்கிய சிரிப்பு டிராம் நிறுத்தம் வரை நிற்கவில்லை.

ஆகவே அக்கா, வெள்ளை வேண்டாம். சமையலறைத் தரைக்கு நடுத்தரச் சாம்பல் போடச் சொல். முடிந்தால் சிமெண்ட் கிரவுட்டுக்குப் பதில் எபாக்ஸி வாங்கு. விலை கூடுதல்தான், ஆனால் மஞ்சளையும் எண்ணெயையும் குடிக்காது. சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கொத்தனார் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, டைல்மேல் படிந்ததை உடனுக்குடன் துடைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்துக் கெடுக்க வேண்டாமென்று அத்தானிடம் சொல். சிமெண்ட் கிரவுட்தான் என்றால், நன்றாகக் காய்ந்தபின் சீலர் பூசச் சொல். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்; முத்தாக நின்றால் சரி, உள்ளே இறங்கினால் மறுபடி பூச வேண்டும். கிரவுட் ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கி, நிறத்தின் நம்பரை எழுதிப் பீரோவில் வை.

அம்மாவிடம் ஆசிட் விஷயத்தை மறக்காமல் சொல். அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி.

பி.கு: நேற்றுப் புது வீட்டுச் சாவி வாங்கினோம். இந்தத் தடவை பத்திரத்தை அகராதி வைத்து வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். சமையலறை ஜாயிண்ட் வெள்ளை. இவள் இன்னும் தாளிக்கவில்லை.